கன்னியம்மன் கல்லும் சர்வே கல்லும்: வட சென்னை இருளர் குடும்பங்கள் சான்றும் நிலமும் பெற முழுமையான வழிகாட்டி

எண்ணூர்க் கழிமுகத்தில் நீர் வடியும் நேரத்தில் கரையில் நின்று பார்த்தால், இடுப்பளவு தண்ணீரில் நான்கைந்து பெண்கள் குனிந்தபடி நகர்ந்துகொண்டிருப்பது தெரியும். இரு கைகளும் சேற்றுக்குள் துழாவிக்கொண்டிருக்கும். பனையோலையில் முடைந்த சிறிய பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் அது நேராகப் பறிக்குள் போகும். படகில்லை, வலையில்லை, கைதான் எல்லாம். அவர்களுக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் மின்கோபுரங்களும் நிற்கும்.

இவர்கள் இருளர்கள். இவர்களுடைய பாட்டன் பாட்டிகள் காட்டில் கிழங்கு தோண்டியவர்கள், தேனெடுத்தவர்கள், மூலிகை அறிந்தவர்கள். 1882-இல் வந்த சென்னை வனச் சட்டம் காட்டுக்குள் போவதையே குற்றமாக்கத் தொடங்கியது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் தொழிலும் நின்றது. காட்டைவிட்டு இறங்கியவர்கள் ஏரிக்கரையிலும் சவுக்குத் தோப்பிலும் கழிமுகத்து மேட்டிலும் குடிசை போட்டார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990-களில் வட சென்னை அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக வந்தபோது, பட்டா வைத்திருந்தவர்கள் இழப்பீடு பற்றிப் பேசினார்கள். பட்டா இல்லாதவர்கள் குடிசையைப் பிரித்துக்கொண்டு அடுத்த மேட்டுக்குப் போனார்கள்.

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் சில ஆண்டுகளாக இந்தக் குடும்பங்களுக்கு மனு எழுதும் வேலையில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், வார்டு உறுப்பினர்கள், பத்தாவது முடித்த இருளர் பிள்ளைகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்: விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்கக் கூடாது. முதியவர்களின் நினைவிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பின்னால் எல்லாமே சிக்கலாகும்.

படி 1: யார், எந்தப் பெயரில் என்பதை உறுதிசெய்யுங்கள்

தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் ‘இருளர்’ என்ற பெயர் மாநிலம் முழுவதற்கும் பொருந்துவதாக இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அவர்களில் இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று ஒன்றிய அரசு வகைப்படுத்திய ஆறு தமிழ்நாட்டுச் சமூகங்களில் இருளரும் ஒன்று.

ஊரில் இவர்களை ‘வில்லியர்’ என்றும் அழைப்பார்கள். அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஆசிரியர் நல்லெண்ணத்தோடு ‘வில்லி’ என்று எழுதிவிட்டால், பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்போது அதுவே தடையாக வந்து நிற்கும். ஆகவே பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே ‘இருளர்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தெலுங்கு பேசும் ஏனாதிக் குடும்பங்களும் இருக்கின்றன. வாழ்க்கை முறை ஒன்றுபோலத் தெரியும். ஏனாதியர் ஆந்திரத்தில் பழங்குடியினர். தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர்கள் இல்லை. பரிதாபப்பட்டு அவர்களை இருளர் என்று எழுதிக்கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் கேடு.

படி 2: குடும்ப மரமும் குடியிருப்பு வரைபடமும்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு குடியிருப்புக்கு இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் தேவைப்படும். காலையில் போனால் யாரும் இருக்கமாட்டார்கள். நீர் வடியும் நேரம் பார்த்து ஆற்றுக்குப் போயிருப்பார்கள், அல்லது தோப்புக் காவலுக்கு.

நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பிலேயே மூத்த ஆயாவின் பக்கத்தில் உட்காருங்கள். அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், யாருக்கு யாரைக் கட்டிக்கொடுத்தார்கள், அவர்கள் இப்போது எந்த ஊர் என்று கேட்டு எழுதுங்கள். அக்கம்பக்க ஊர்களில் இருக்கும் தந்தைவழி உறவினர் யாரிடமாவது ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அந்த ஒரு வட்டம் பத்துக் குடும்பங்களுக்கு வழி திறக்கும்.

ஆண்டு கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நிகழ்ச்சியைக் கேளுங்கள். “எம்.ஜி.ஆர். முதலமைச்சரானபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?” என்றால் 1977 கிடைக்கும். ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் கரையைக் கடந்த புயல் 1984 நவம்பர். கடல் பொங்கியது 2004 டிசம்பர் 26. இந்த மூன்றும் வட சென்னைக் கரையில் யாருக்கும் மறக்காது. ஒரு முதியவர் என்னிடம், “கடல் பொங்கிய அன்று இந்த வேப்பமரத்தில்தான் பேரனைத் தூக்கி உட்கார வைத்தேன்” என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். அந்த ஒரு வரியின் மதிப்பை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

பிறகு வரைபடம். ஆயாவையும் இளைஞர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு குடியிருப்பை ஒருமுறை சுற்றி நடங்கள். வீடுகள், கிணறு, இடுகாடு, பழைய மரங்கள், கன்னிமார் கல் எல்லாவற்றையும் வரையுங்கள். பெரும்பாலான குடியிருப்புகளில் வேம்பின் அடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள் இருக்கும். அதுதான் கன்னியம்மன். வெளியாள் கண்ணுக்கு வெறும் கல்லாகத் தெரியும். அதை வரையாமல் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிராமத்தின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டின் நகலும் புலப்படமும் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் கிடைக்கும். நிலத்தின் வகைப்பாடு என்னவென்று ‘அ’ பதிவேட்டில் இருக்கும்: நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), தரிசா, மேய்க்காலா (மேய்ச்சல் நிலம்), ஏரியா, ஓடையா, வனமா. இந்த ஒரு சொல்லைப் பொறுத்துத்தான் நீங்கள் எந்த வழியில் போக வேண்டும் என்பது முடிவாகும்.

படி 3: பெயர்களை ஒன்றாக்குங்கள்

ஆதாரில் கன்னியம்மாள், குடும்ப அட்டையில் கன்னியம்மா, வாக்காளர் அட்டையில் கண்ணியம்மாள். மூன்றும் ஒரே பெண்தான். பட்டா மனு நகரும்போது இது மூன்று பெண்களாகிவிடும். முதலில் ஆதாரைத் திருத்தி, மற்றவற்றை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள்.

வீட்டிலேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று இருக்காது. ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் நிலையில் ஆணை பெற்றுத்தான் பதிய முடியும். பத்துப் பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே நாளில் மனு கொடுத்தால் அலைச்சல் குறையும்.

படி 4: இனச்சான்றிதழ்

மற்றச் சாதிச் சான்றுகளை வட்டாட்சியர் அலுவலகத்தில் தருவார்கள். பழங்குடியினர் சான்றிதழ் அப்படியல்ல. 1989 நவம்பர் 11 முதல் அதைத் தரும் அதிகாரம் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம் இருக்கிறது. மீஞ்சூர், பழவேற்காடு, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்குப் பொன்னேரி. திருவொற்றியூர், எண்ணூர் இப்போது சென்னை மாவட்டம் என்பதால் அங்கே வடக்குக் கோட்டம். அப்பாவிடம் பழைய வட்டாட்சியர் சான்று இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். 1989-க்குப் பிந்தையது என்றால் அது செல்லாது என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது, இரண்டாம் படியில் தயாரித்த குடும்ப மரத்தையும் உறவினரின் சான்றிதழ் நகலையும் சேர்த்து இணையுங்கள். தொடக்கத்தில் இதைச் செய்யாமல் பதினேழு விண்ணப்பங்கள் போட்டேன். பதினேழும் திரும்பி வந்தன. அடுத்த முறை மரத்தை வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சான்று எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு அழைப்பு வந்தது.

விசாரணை நாள்தான் பெண்களை மிகவும் அச்சுறுத்துவது. ஒரு அலுவலகத்தில், “நீ இருளர் என்றால் பாம்பு பிடித்துக் காட்டு” என்று ஒரு தாயிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த அம்மா அனல்மின் நிலையக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்பவர். பாம்பை அவர் தொட்டதே இல்லை. அவருடைய அம்மா கைத்தடவு இறால் பிடித்தவர். அவரும் பாம்புக்காரர் அல்லர். காட்டைப் பறித்துக்கொண்ட பிறகு காட்டுத் தொழிலைச் செய்து காட்டச் சொல்வதைப் போன்ற அநியாயம் வேறில்லை.

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பழக்கவழக்கங்களைக் கேட்டறியும் இணக்கச் சோதனை மட்டுமே முடிவைத் தீர்மானிக்கும் உரைகல்லாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. அரசமைப்புக்கு முந்தைய பழைய ஆவணங்களுக்கே அதிக மதிப்பு உண்டு என்றும், வெளியுலகத் தொடர்பால் பழக்கங்கள் மாறியிருக்கக்கூடும் என்பதைக் கருத வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தீர்ப்பைப் பற்றி நான்கு வரி எழுதி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். அலுவலரிடம் வாதாட வேண்டாம், தாள் பேசட்டும்.

ஆனாலும் கேள்விகளுக்குத் தயாராகப் போவது நல்லது. குலதெய்வம் எது, மாசி மாதம் எங்கே போவீர்கள், திருமணத்தை யார் நடத்துவார், பிள்ளைக்கு மொட்டை எங்கே என்பவை வழக்கமாக வரும். இவற்றைப் பிள்ளைகளுக்கு ஆயா வாயாலேயே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த பதில் உடனே தெரிந்துவிடும்.

மறுத்தால் வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். காரணம் குறிப்பிட்ட எழுத்துமூல ஆணை வேண்டும். அது இல்லாமல் மேலே எங்கேயும் போக முடியாது. பதிலே வராவிட்டால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோப்பின் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நீதிமன்றம் போக வேண்டி வந்தாலும் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வழக்கறிஞர் கிடைப்பார்.

படி 5: நிலம்

இங்கே வழி மூன்றாகப் பிரியும்.

குடியிருப்பு நத்தத்திலோ தரிசிலோ இருந்தால் அது ஆட்சேபணையற்ற புறம்போக்கு, அதாவது பட்டா தரத் தடையில்லாத அரசு நிலம். வட்டாட்சியரிடம் வீட்டுமனைப் பட்டா கேட்கலாம். ஊராட்சிப் பகுதியில் வழக்கமாக 3 சென்ட் வரை தருவார்கள். மனுவைத் தனித்தனியாகக் கொடுக்காமல், குடியிருப்பு முழுவதற்கும் ஒரே பட்டியலாக, வரைபடத்தோடு கொடுங்கள். பட்டா மனைவியின் பெயரில் இருக்கட்டும். கொடுக்க நல்ல இடங்கள் இரண்டு: திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர் கூட்டம், ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி என்ற கிராமக் கணக்குத் தணிக்கை. இரண்டிலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

சென்னையைச் சுற்றியுள்ள ‘பெல்ட் ஏரியா’வில் பட்டாவுக்கு நீண்ட காலம் தடை இருந்தது. சென்னை பெல்ட் ஏரியாவில் சுமார் 29,000 பேர் உட்பட மாநிலத்தில் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அமைச்சரவை முடிவெடுத்தது. ‘பெல்ட் ஏரியா, முடியாது’ என்று பழைய பதிலையே யாராவது சொன்னால் இந்த முடிவைச் சுட்டிக்காட்டுங்கள்.

ஏரிக்கரையிலோ ஓடையிலோ இருந்தால் நிலைமை வேறு. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. 2007-இன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்ற ஆணைகளும் அங்கே குறுக்கே நிற்கின்றன. பட்டா வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை. இங்கே கேட்க வேண்டியது மாற்று இடம். அதுவும் அகற்றும் அறிவிப்பு ஒட்டப்படுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கூடவே பக்கத்தில் காலியாக இருக்கும் தரிசின் புல எண்ணையும் நீங்களே தேடி எழுதுங்கள். ‘எங்காவது இடம் தாருங்கள்’ என்ற மனு மேசையிலேயே கிடக்கும். புல எண் எழுதிய மனு நில அளவையர்வரை போகும். ஆற்றில் இறால் பிடிப்பவர்களுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தால் அது வீடு ஆகாது. தொழில் எங்கே என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

மூன்றாவது, வகைப்பாடு ‘வனம்’ என்றிருப்பது. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் காப்புக்காடுகளை ஒட்டிய குடியிருப்புகளுக்கு இது பொருந்தும். 2006-இன் வன உரிமைச் சட்டம் இங்கே பேசும். காப்புக்காடு மட்டுமல்லாமல் சரணாலயங்களும் அந்தச் சட்டத்தின் ‘வன நிலம்’ என்ற விளக்கத்துக்குள் வருகின்றன. நீர்நிலைகளின் மீனையும் பிற பொருள்களையும் எடுக்கும் சமூக உரிமையும் அதில் இருக்கிறது. பழவேற்காடு பறவைகள் சரணாலயப் பகுதியில் கையால் நண்டும் இறாலும் எடுக்கும் இருளர்களுக்கு இது முக்கியமான பிடி. அந்த ஏரியில் மீனவக் கிராமங்களுக்குப் ‘பாடு’ என்ற முறைவைப்பு உரிமை உண்டு. இருளர்களுக்கு அதில் இடமில்லை. மீனவர்களோடு சண்டைக்குப் போகாமல், தங்கள் கைத்தொழிலுக்குச் சட்டப்படி ஓர் இடம் கேட்க இந்தப் பிரிவு உதவும் என்பது என் கருத்து.

நடைமுறை கிராம சபையில் தொடங்குகிறது. சபை கூடி, 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தனிநபர் உரிமைக்குப் படிவம் ‘அ’, சமூக உரிமைக்கு ‘ஆ’, சமூக வன வளத்துக்கு ‘இ’. குழு நேரில் பார்த்துச் சரிபார்த்து, சபை தீர்மானம் போட்டு, கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்பும். இறுதி முடிவு மாவட்டக் குழுவிடம். சபை முடிவில் குறையிருந்தால் 60 நாளுக்குள் கோட்டக் குழுவிடம் முறையிடலாம். உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். அதிகபட்சம் 4 ஹெக்டேர். விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். மனு நிலுவையில் இருக்கும்வரை வெளியேற்ற முடியாது. பிரிவு 4(5) என்று எண்ணோடு நினைவில் வையுங்கள்.

இனி அந்த வேப்பமரத்துக்கு வருவோம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கே வாழ்கிறார்கள் என்று காட்டினால் போதும். பழங்குடியினர் 75 ஆண்டு வரலாற்றை நிரூபிக்கத் தேவையில்லை. அது மற்ற வனவாசிகளுக்கான நிபந்தனை. கடல் பொங்கிய நாள் அந்தத் தேதிக்கு ஏறத்தாழ ஓராண்டு முந்தையது. வன உரிமைச் சட்ட விதி 13-இன்படி, மனுதாரர் அல்லாத முதியவரின் வாக்குமூலத்தை எழுத்தில் எடுத்தால் அது சான்றாகும். கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் ஆகியவையும் சான்றாகும். மஞ்சள் பூசிய அந்த ஏழு கற்கள் சட்டத்தின் கண்ணிலும் ஆவணம்தான். குறைந்தது இரண்டு வகைச் சான்று வேண்டும்: முதியவரின் வாக்குமூலம் ஒன்று, கன்னியம்மன் கல் இன்னொன்று.

படி 6: மிரட்டல், முன்பணம்

பழங்குடியினரின் நிலத்தைப் பறிப்பதும், வன உரிமை உள்ளிட்ட உரிமைகளை அனுபவிக்க விடாமல் தடுப்பதும் 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும் முன்பணத்துக்காக இருளர் குடும்பங்கள் கட்டுண்டு கிடந்த வரலாறு நீண்டது. வெளியேற விடாமல் யாரையாவது பிடித்து வைத்திருப்பது தெரிந்தால் கோட்டாட்சியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மீட்டதும் விடுவிப்புச் சான்றிதழை அன்றே கேட்டு வாங்க வேண்டும். கடன் தீர்ந்தது என்பதற்கும் மறுவாழ்வு உதவிக்கும் அதுதான் அடிப்படை. தோப்புக் காவலுக்குப் போகும் குடும்பத்திடம், ‘எவ்வளவு முன்பணம், எப்போது கழியும்’ என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியவில்லை என்றால் விசாரிக்க வேண்டிய இடம் அதுவே.

படி 7: பண்பாட்டைப் பதிவுசெய்வது

மாசி மகத்தன்று இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகின்றன. இங்கிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் சென்னைக்குப் போய், பஸ் மாறி, மூட்டை முடிச்சோடு போய்ச் சேருவார்கள். மணலில் புடவையைத் தடுப்பாகக் கட்டித் தங்கி, விடியற்காலையில் மணலில் படி அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பதும் திருமணமும் அங்கேயே நடக்கும். இளைஞர்களிடம் தொலைபேசி இருக்கிறது; தங்கள் ஆயாவின் பாட்டை அவர்களே பதிவுசெய்யட்டும். நீங்கள் கருவி கொண்டுபோய்ப் படமெடுக்காதீர்கள். கேட்டு, சம்மதம் வாங்கி, பதிவின் ஒரு நகலைக் குடியிருப்பிலேயே விட்டு வாருங்கள்.

எது எழுதத் தக்கது? வளையில் புகைபோட்டு எலி பிடிக்கும் விதம், ஈசல் கிளம்பும் மாலையை வானம் பார்த்துச் சொல்வது, எந்தச் சேற்றில் எந்த இறால் கிடக்கும் என்ற அறிவு. மூலிகை மருந்துகளை மட்டும் வெளியே எழுதாதீர்கள். மரபறிவின் மீதான உரிமை அந்தச் சமூகத்துக்கே உரியது என்று வன உரிமைச் சட்டம் சொல்கிறது. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நச்சு முறிவு மருந்துக்குத் தேவையான நஞ்சை எடுத்துத் தருகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். பள்ளியில் சாதியைச் சொல்லத் தயங்கும் பிள்ளை நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 8: பட்டா வந்த பிறகு

கையில் தாள் வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. கணினிப் பதிவில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நில அளவையர் வந்து கல் நடும்வரை விடாதீர்கள். தாளில் பட்டா இருந்தும் மனை எது என்று தெரியாத குடும்பங்கள் நிறைய. வீட்டுக்கு, ஒன்றிய அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ஜன்மன் திட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நலிவுற்ற பழங்குடி என்ற வகையில் இருளர்களுக்கு அதில் இடமுண்டு.

மனைகளைப் பிரிக்கும்போது எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு: பொது இடம். மாற்று இடத்துக்கு மனு எழுதும்போதே, ‘கன்னியம்மன் வழிபாட்டுக்கும் இடுகாட்டுக்கும் இடம் ஒதுக்கித் தர வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குடியிருப்பு ஏரிக்கரையிலிருந்து தரிசுக்கு மாறிய நாளில், நில அளவையர் சங்கிலி பிடித்து முடிப்பதற்குள் மூத்த ஆயா ஏழு கற்களையும் முந்தானையில் கட்டிக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். முதல் சர்வே கல் நட்டதும் அதன் பக்கத்தில் ஒன்றை இறக்கி வைத்துவிட்டு, “மிச்சத்துக்கு எங்கே இடம் தம்பி?” என்று அவரிடம் கேட்டார். நில அளவையர் வரைபடத்தைப் பார்த்தார். பொது இடம் என்று அதில் குறித்திருந்தது. கிழக்கு மூலையைக் காட்டினார்.